நான்கு நிமிடத் தாமதம் ஏமாற்று வேலையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு சுவீடன் கார் ராலியில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த செபாஸ்டியன் ஓஜியே, கடைசி ஸ்டேஜின் டைம் கன்ட்ரோலுக்கு, அதாவது வண்டி வந்த நேரத்தைப் பதியும் இடத்துக்கு, வேண்டுமென்றே நான்கு நிமிடம் தாமதமாக வந்து, அதற்குரிய 40 வினாடி பெனால்டியை வாங்கிக்கொண்டு, பிறகு அதே ஸ்டேஜில் கூடுதல் புள்ளிகளை எடுத்ததைப் படித்திருக்கிறீர்கள். தண்டனையே லாபமாக முடிகிறது என்றால் அது ஏமாற்று வேலை இல்லையா, அதிகாரிகள் ஏன் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. அவர் செய்தது விதிமீறலா என்பது ஒன்று; விதியை மீறாமலே ஒருவர் விளையாட்டு நேர்மையை மீற முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சந்தேகமில்லாத பதில் உண்டு. இரண்டாவதற்கு என்னிடம் இருப்பது அனுபவத்தில் ஊறிய ஓர் அபிப்பிராயம் மட்டுமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுநர் அல்ல. கோயம்புத்தூர், சென்னை, கர்நாடகப் பக்கம் நடந்த ராலிகளில் பல ஆண்டுகள் டைம் கன்ட்ரோலில் மேசை போட்டு, கடிகாரத்தையும் கார்டையும் பார்த்துக்கொண்டிருந்தவன். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயம் எதிலும் நான் பணியாற்றியதில்லை. அங்கு நடந்தவற்றைப் பற்றி எழுதுவது பதிவான முடிவுகளையும் அறிவிப்புகளையும் வைத்துத்தான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: ராலியில் நேரம் என்பது ஓடும் வேகம் மட்டுமல்ல, வந்து நிற்கும் நிமிடமும் அதில் அடக்கம்.

ராலியில் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. ஒவ்வொன்றும் இடைவெளி விட்டுக் கிளம்பும். மூடப்பட்ட சாலையில் வினாடிக் கணக்கில் ஓடும் பகுதி ஸ்பெஷல் ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் பொதுச் சாலையில் போக்குவரத்து விதிப்படி போக வேண்டும், அதற்குக் குறித்த நேரம் உண்டு. அந்தப் பயணத்தின் முடிவில் இருப்பதுதான் டைம் கன்ட்ரோல். முதலில் ஒரு மஞ்சள் பலகை, கொஞ்சம் தள்ளிச் சிவப்புப் பலகை, அதன் அருகே எங்கள் மேசை. வண்டி மஞ்சள் பலகைக்கு வெளியே காத்திருக்கும். தன் நிமிடம் நெருங்கியதும் உள்ளே வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர், நேரம் பதியும் டைம் கார்டை எங்கள் கையில் கொடுப்பார். கொடுத்த நிமிடம்தான் கணக்கு. ஒரு நிமிடம் தாமதமானால் 10 வினாடி பெனால்டி. ஒரு நிமிடம் முன்கூட்டி வந்தாலோ முழுதாக ஒரு நிமிடம் பெனால்டி. முன்கூட்டி வருவதற்கு ஏன் ஆறு மடங்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். பொதுச் சாலையில் யாரும் வேகமாகப் பறந்து வரக் கூடாது என்பதற்காகத்தான். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பெனால்டி எதையும் விசாரிப்பதில்லை என்பது. டயர் பஞ்சர் ஆனதா, வழி தவறியதா, வேண்டுமென்றே நின்றாயா என்று நாங்கள் கேட்பதில்லை. கார்டில் நிமிடத்தை எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்தது.

இனி, தாமதமாக வருவதில் யாருக்கு என்ன லாபம்? சரளைமண் பாதையில் முதலில் போகும் வண்டி மேலே கிடக்கும் உதிரிக் கற்களைத் தன் சக்கரத்தால் ஒதுக்கிக்கொண்டே போகிறது. பிடிப்பில்லாமல் வழுக்குவது அதற்குத்தான். அது ஒதுக்கிய தடத்தில் கீழே உள்ள கெட்டித் தரை தெரியும். இரண்டாம், மூன்றாம், நான்காம் வண்டிகளுக்கு அந்தத் தடம் மேலும் மேலும் சுத்தமாகிக் கிடைக்கும். ராலிக்காரர்கள் இதைப் பெருக்குவது என்றே சொல்வார்கள். வாசல் பெருக்குகிறவர் ஒருவர், கோலம் போட்டுப் பெயர் வாங்குகிறவர் இன்னொருவர். புதுப்பனி விழுந்த சுவீடன் பாதையிலும் இதே கதைதான், கல்லுக்குப் பதில் பனி. உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் நாள் ஓட்ட வரிசை புள்ளிப்பட்டியலின்படி அமைவதால், யார் முன்னிலையில் இருக்கிறாரோ அவர்தான் பெருக்க வேண்டும். அந்த ஆண்டு மான்டி கார்லோவில் வென்றுவிட்டு வந்திருந்த ஓஜியே வெள்ளிக்கிழமை முழுவதும் பிறருக்காகப் பனி தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை அவர் பத்தாம் இடத்தில் கிடந்தார். முதல் நாளுக்குப் பிறகு வரிசை தலைகீழ், பின்தங்கியவர்தான் முன்னே போக வேண்டும். 40 வினாடி கொடுத்து அவர் இழப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. கடைசி ஸ்டேஜுக்குப் பவர் ஸ்டேஜ் என்று பெயர். அதில் வேகமான ஐந்து பேருக்கு 5, 4, 3, 2, 1 என்று தனிப் புள்ளி உண்டு. தாமதமாக வந்து வரிசையில் பின்னே போய், பெருக்கிய பாதையில் ஓடி, இரண்டாவது வேகமான நேரத்தை எடுத்து 4 புள்ளி பெற்றார். ராலி முடிவில் இடம் அதே பத்தாவதுதான்.

எனவே முதல் கேள்விக்குப் பதில்: விதிமீறல் இல்லை. விதி சொன்ன விலையைக் கொடுத்தார், விதி தந்த பொருளை வாங்கினார். மறைக்கவும் இல்லை. அந்த 4 புள்ளிதான் பட்டத்தைத் தீர்மானித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டு முடிவில் ஓஜியே 219, இரண்டாவதாக வந்த தியரி நுவில் 201. இடைவெளி 18 புள்ளி.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு நேரில் பார்த்த ஒரு சிறு நிகழ்ச்சியும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய மண்பாதையில் மேசை போட்டிருந்தேன். நம் ஊர் ராலிகளில் கல்லைவிடப் பெரிய தொல்லை புழுதி. காற்றில்லாத காலை வேளையில் முன்னே போன வண்டியின் புழுதி மரங்களுக்கிடையே திரை கட்டினாற்போல் தொங்கிக்கொண்டே இருக்கும். அன்று இரண்டு நிமிட இடைவெளியில் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தோம். 9.16க்கு வர வேண்டிய வண்டி மஞ்சள் பலகைக்கு வெளியே என்ஜினை அணைத்து நின்றது. அதன் நேவிகேட்டர், கல்லூரி முடித்து ஓரிரு ஆண்டுகள் இருக்கும் ஒரு பையன், நடந்து வந்து என் கடிகாரத்தைப் பார்த்தான். டைம் கார்டை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான், நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. "தம்பி, உங்க நிமிஷம் போயிட்டிருக்கு" என்றேன். "தெரியும் சார், இன்னும் ஒரு நிமிஷம் நிக்கறோம்" என்றான். முந்தைய ஸ்டேஜில் தங்களுக்கு முன்னே போன மெதுவான வண்டியை எட்டிப்பிடித்து, மூன்று கிலோமீட்டர் அதன் புழுதியைத் தின்றிருக்கிறார்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் 10 வினாடி போகும். புழுதிக்குள் மாட்டினால் அதைவிட அதிகம் போகும். கணக்கு அவ்வளவுதான். 9.17 என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையன் செய்தது எனக்குக் கொஞ்சமும் தவறாகப் படவில்லை, கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அடுத்து வந்த வண்டிக்கு அது எப்படிப் பட்டது என்பது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பெனால்டி ஒரு கருவிதான் என்பதை விளங்கிக்கொள்ள இரண்டு பழைய நிகழ்வுகள் உதவும். 1995இல் ஸ்பெயினின் கட்டலூன்யா ராலியில் சுபாரு அணியின் மூன்று வண்டிகள் முன்னணியில் இருந்தன. சொந்த மண்ணில் ஓடிய கார்லோஸ் சைன்ஸ் வெல்லட்டும், கோலின் மெக்ரே பின்னால் வரட்டும் என்பது அணியின் உத்தரவு. மெக்ரே கேட்கவில்லை, சைன்ஸை முந்திவிட்டார். கடைசியில் இறுதி டைம் கன்ட்ரோலில் தாமதமாகக் கார்டைக் கொடுக்க வைத்து, ஒரு நிமிடப் பெனால்டி வாங்க வைத்துத்தான் வெற்றியைச் சைன்ஸுக்கு மாற்றினார்கள். இருவரும் சமப் புள்ளியோடு பிரிட்டனின் கடைசிப் போட்டிக்குப் போக, அங்கே மெக்ரே வென்று சாம்பியன் ஆனார். ராலியில் அணி உத்தரவு அனுமதிக்கப்பட்டதே. ஆனாலும் சாலையில் வேகமாக வந்தவர் ஒரு மேசைக்கு முன்னால் நின்று தோற்றுப்போக வேண்டியிருந்ததைப் பார்வையாளர்களில் பலர் இன்றும் ஜீரணித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் ஒரு கசப்பு உண்டு.

பத்து ஆண்டு கழித்து, 2005 செப்டம்பரில், வேல்ஸ் ராலியின் கடைசி நாளில் மார்கோ மார்ட்டின் ஓட்டிய பெஜோ 307 மரத்தில் மோதி, அவருடைய நேவிகேட்டர் மைக்கேல் பார்க் இறந்துபோனார். மீதமிருந்த ஸ்டேஜ்களை ரத்து செய்தார்கள். அப்போது முன்னிலையில் இருந்தவர் செபாஸ்டியன் லோப். அப்படியே முடிந்திருந்தால் அன்றே அவர் உலகச் சாம்பியன். அவர் வேண்டுமென்றே இரண்டு நிமிடப் பெனால்டியை வாங்கிக்கொண்டு மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். வெற்றி பெட்டர் சோல்பர்க்குக்குப் போனது, அதை அவரும் கொண்டாடவில்லை. லோப் பட்டத்தை அடுத்த போட்டியான ஜப்பானில்தான் எடுத்தார். சுவீடனில் தந்திரத்துக்கு உதவியதும், ஸ்பெயினில் கீழ்ப்படிதலுக்கு உதவியதும், வேல்ஸில் துக்கம் காக்க உதவியதும் ஒரே பெனால்டி விதிதான். கார்டை வாங்குகிறவருக்கு மூன்றும் ஒரே மாதிரியான எண்கள். வேண்டுமென்றே பெனால்டி வாங்குவதையே குற்றமாக்கினால் லோப் செய்ததும் குற்றமாகிவிடும்.

ஏமாற்று என்ற சொல்லை நான் வேறொன்றுக்காக வைத்திருக்கிறேன். மெக்ரே மேசைக்கு முன்னால் நின்ற அதே 1995 கட்டலூன்யாவில் டொயோட்டா செலிகா வண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது அது. என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குள் போகும் காற்றை அளவோடு நிறுத்த 34 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு தடுப்பு வளையம் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. டொயோட்டாவில் குழாயைப் பூட்டி இறுக்கும்போது அந்த வளையம் சற்று நகர்ந்து, பக்கவாட்டில் கூடுதல் காற்றுக்கு வழிவிடும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றும்போது வளையம் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். சோதிப்பவர் கண்ணுக்கு எப்போதும் சரியாகவே தெரியும். முப்பது ஆண்டு மோட்டார் விளையாட்டில் இவ்வளவு நுட்பமான ஒன்றைப் பார்த்ததில்லை என்று சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி சொன்னார். அந்த ஆண்டுப் புள்ளிகள் எல்லாம் பறிபோய், அணிக்கு 12 மாதத் தடை விழுந்தது. ஓஜியே நான்கு நிமிடத்தை எல்லார் முன்னிலையிலும் கொடுத்தார். இங்கே எல்லார் கண்ணிலிருந்தும் மறைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை கோடு இங்கேதான் இருக்கிறது.

விதியின் நுணுக்கத்தைப் போட்டியாளர்தான் திருகுவார் என்று எண்ண வேண்டாம், அமைப்பாளர்களும் திருகுவதுண்டு. 1966 மான்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை மினி கூப்பர்கள்: டிமோ மேக்கினன், ரவுனோ ஆல்டோனன், பேடி ஹாப்கர்க். முகப்பு விளக்கில் ஒற்றை இழை பல்பு இருக்கிறது, ஒளியைத் தாழ்த்தும் ஏற்பாடு விதிப்படி இல்லை என்று சொல்லி மூன்றையும், நான்காவதாக வந்த ரோஜர் கிளார்க்கின் ஃபோர்டையும் சேர்த்துத் தகுதிநீக்கம் செய்து, சித்ரோயன் ஓட்டிய பவுலி டோய்வோனனை வெற்றியாளர் என்றார்கள். பிரெஞ்சு வண்டியை வெல்ல வைக்கவே இதைச் செய்தார்கள் என்று இன்றுவரை பேசப்படுகிறது. தகுதிநீக்கமும் அதற்குச் சொன்ன காரணமும் பதிவில் உள்ளவை. உள்நோக்கம் என்பது ஊகம், வலுவான ஊகம் என்றாலும் ஊகமே. டோய்வோனன் அந்த வெற்றியால் மகிழவில்லை, அதன்பின் சித்ரோயனுக்காக ஓட்டவும் இல்லை. விதியின் எழுத்து தமக்குச் சாதகமாக இருந்தும் அதில் கூச்சப்பட்ட ஒரு மனிதரை நான் விளையாட்டு நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வேன்.

இதேபோலக் கதைக்கும் சான்றுக்கும் நடுவே தொங்குவது லான்சியா 037 என்ற ராலி வண்டி பற்றிய பேச்சு. குரூப் பி என்ற அந்நாளைய ராலி வண்டிப் பிரிவில் சேர 200 வண்டிகள் தயாரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பாதி வண்டிகளை ஓரிடத்தில் எண்ண வைத்து, ஆய்வாளர்களுக்கு நீண்ட மதிய விருந்து கொடுத்து, அதற்குள் அவற்றையே இன்னோரிடத்துக்கு ஓட்டிப்போய் மறுபடி எண்ண வைத்தார்கள் என்று சொல்வார்கள். ராலிக்காரர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்லாமல் இரவு முடியாது, சொல்பவர்களெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். 1983இல் பின்சக்கர ஓட்டமுள்ள அந்த வண்டி நான்கு சக்கர ஆடி குவாட்ரோவைத் தாண்டித் தயாரிப்பாளர் பட்டத்தை எடுத்தது என்பது பதிவில் உள்ளது. விருந்துக் கதையை நான் ருசிக்காகக் கேட்பேன், சான்றாக எடுக்க மாட்டேன்.

மனச்சாட்சி நெருடும் இடம் வேறு. 2011 அக்ரோபொலிஸ் ராலியில் லோபும் ஓஜியேயும் ஒரே சித்ரோயன் அணியில் ஓடினார்கள். இரண்டாம் நாளின் கடைசி ஸ்டேஜில் ஓஜியே வேகத்தைக் குறைத்து லோபை முன்னே விட்டார். அன்றைய விதிப்படி மறுநாள் முன்னிலையில் இருப்பவர்தான் பெருக்க வேண்டும் என்பதால் அந்த வேலை லோபுக்குப் போயிற்று. ராலியை ஓஜியே வென்றார். லோப் கோபப்பட்டார். இங்கே டைம் கன்ட்ரோல் இல்லை, எழுதிக் காட்ட நிமிடம் இல்லை, விலைப்பட்டியல் இல்லை. ஒரு விளையாட்டின் அடிப்படை, முடிந்தவரை வேகமாகப் போவது. அதில் மெதுவாகப் போவதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிட்டால், காட்டில் விடியற்காலையிலிருந்து நின்று பார்க்கும் ரசிகருக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? அதற்காக ஓட்டுநரை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. போட்டியின் நலனுக்கு ஊறு செய்யும் நடத்தையைத் தண்டிக்கலாம் என்று சர்வதேச விளையாட்டு நெறியில் பொதுவான ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வளைவில் ஒருவர் பிரேக்கைச் சற்று முன்னதாகத் தொட்டது டயரைக் காக்கவா, பயத்திலா, தந்திரத்திலா என்று, தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான எந்த ஸ்டூவர்டாலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத ஒன்றைத் தடைசெய்தால், உண்மையைச் சொல்கிறவர் மட்டும் மாட்டுவார். பஞ்சர் என்று பொய் சொல்கிறவர் தப்பித்துவிடுவார்.

ஆகவே தவறு விதியில் இருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மாற்றிப் பார்க்காமலும் இல்லை. 2012, 2013 ஆண்டுகளில் சரளைப் பாதைப் போட்டிகளுக்குத் தகுதிச் சுற்று வைத்து, அதில் வேகமாக வந்தவரே தம் ஓட்ட இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். மெதுவாகப் போவதற்கான ஆசை ஓரளவு குறைந்தது, அந்த முறையையும் கைவிட்டார்கள். 2015இல் முன்னிலையில் இருப்பவர் இரண்டு நாளும் பெருக்க வேண்டும் என்றார்கள். 2017இல் அதை ஒரு நாளாக்கினார்கள். சட்டம் தடுக்கில் நுழைந்தால் அணிகள் கோலத்தில் நுழையும். 2024இல் புள்ளிமுறையையே பிரித்து, சனிக்கிழமை வரை ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு என்று வைத்தார்கள். விளைவு, சுவீடனில் வெற்றி பெற்ற எசபெக்கா லப்பிக்கு 19 புள்ளி, இரண்டாவதாக வந்த எல்ஃபின் எவன்ஸுக்கு 24. வென்றவரைவிட இரண்டாமவருக்கு அதிகம் கிடைக்கும் கணக்கை யார் வீட்டுப் பாட்டிக்கும் விளக்க முடியாது. அடுத்த ஆண்டே அதை மாற்றினார்கள். எனக்குப் பிடித்த தீர்வு டக்கார் என்ற பாலைவன ராலியில் வந்தது. பாலைவனத்தில் முதலில் போகும் மோட்டார் சைக்கிள்காரர் தடமில்லாத மணலில் வழி தேட வேண்டும், பின்னால் வருகிறவர்கள் அவர் தடத்தைப் பிடித்து வருவார்கள். அதனால் முந்தைய நாள் வெல்லாமல் தவிர்ப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. 2023இல் வழி திறப்பவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1.5 வினாடி என்று நேரச் சலுகை கொடுத்தார்கள், அடுத்த இருவருக்கும் அதில் குறைந்த பங்கு. மெதுவாகப் போனவரைத் தேடிப்பிடித்துத் தண்டிக்காமல், முன்னே போனவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

விதியைப் பயன்படுத்துவதில் எனக்குள்ள ஒரே எல்லை, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பது. தன் நேரத்தைக் கொடுத்துத் தன் வசதியை வாங்கினால் அது வியாபாரம். அடுத்தவரின் நேரத்தையோ பாதுகாப்பையோ கொடுத்து வாங்கினால் அதற்கு வேறு பெயர். விபத்தில் சிக்கிய வண்டி உதவி கேட்கும் எஸ்ஓஎஸ் பலகையைக் காட்டினால் பின்னால் வருகிறவர் நிறுத்தியே ஆக வேண்டும். நின்றவருக்கு அதற்குரிய நேரத்தைக் கணித்துக் கொடுப்பார்கள். இந்த ஒரு விதியில் ஓட்டை தேடியவரை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதுமில்லை.

அந்தத் தென்னந்தோப்புக்கு வருகிறேன். அந்தப் பையன் 9.17க்குக் கார்டைக் கொடுத்ததால், 9.18க்குச் சரியாக வந்த அடுத்த வண்டிக்கும் அவனுக்கும் இடையே ஒரு நிமிடம்தான் இருந்தது. அப்படியே விட்டால் அவன் தப்பித்த புழுதியை இவர்கள் தின்ன வேண்டும். ஸ்டார்ட்டில் இருந்தவர் அவர்களை ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தி, இடைவெளியைச் சரிசெய்து அனுப்பினார். பெனால்டி கிடையாது, ஆனால் டயர் ஆறிப்போனது, காத்திருந்ததில் மனமும் கெட்டது. மாலையில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் இடத்தில் அந்த வண்டியின் ஓட்டுநர், என் வயதுக்காரர், என்னிடம் வந்து, "நீங்க ஏன் அந்தப் பையனை நிக்க விட்டீங்க?" என்று கேட்டார். நிற்க விடாமல் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். அது உண்மை. அவர் கேட்டது அதையல்ல என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த நாள் காலை அந்தப் பையன் அவரிடம் போய், இன்றைக்கும் தாமதிப்பதாக இருந்தால் இரண்டு நிமிடமாக நின்று, அவர்களை முன்னே விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு அவனுக்கு 20 வினாடி ஆகும்.